ஆடுபுலியும் குளச்சல் கரையும்

சதுரங்கத்தில் இருதிறத்தாரும் ஒரே அளவான படையோடு தொடங்குகின்றனர். யானை, குதிரை, தேர், காலாள் ஆகிய யாவும் முதற்காய் நகருமுன்பே களத்தில் அணிவகுத்து நின்றுவிடுகின்றன. படைகள் எவ்வழியே அங்கு வந்தன, வருகிற வழியில் எத்தனை பேர் மாண்டனர், வந்தவர்க்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்னும் கேள்விகளுக்கு அவ்வாட்டத்தில் இடமில்லை. அரசர்களின் ஆட்டமாயிற்றே, அரசர்கள் அவற்றைப் பற்றிக் கவலைப்பட்டது குறைவு.

நம் ஊர்த் திண்ணைகளில் கரித்துண்டால் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலிகள் தொடக்கத்திலேயே கட்டத்தின்மீது நிற்கின்றன. ஆடுகளோ ஆடுபவர் கையில் இருக்கின்றன. அவர் ஒரு முறைக்கு ஓர் ஆடாகக் கட்டத்தில் இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை இறங்கிய ஆடு எதுவும் நகரலாகாது. புலியோ முதல் முறையிலிருந்தே நகரலாம், தாண்டி வெட்டலாம். ஊருக்கு ஊர் விதிகள் சற்றே மாறினாலும் ஆட்டத்தின் சாரம் இதுதான். இருதிறத்தாரும் சமமில்லை. அவர்களுடைய நோக்கமும் ஒன்றில்லை. ஒருவர் வெட்ட முயல, மற்றவர் கட்ட முயல்கிறார். ஆடுகளுக்கு மிகப் பெரிய ஆபத்து, அவை இன்னும் முழுதாக வந்து சேராத அந்த முதற்பகுதியில்தான் இருக்கிறது.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் பலர் சதுரங்கத்தை நன்கு அறிவர். ஆடுபுலியை அறிந்தவர் சிலரே. அந்தக் குறையைத் தீர்ப்பது மட்டும் இக்கட்டுரையின் கருத்தன்று. மேனாட்டில் படைத்தலைவர்களும் பொழுதுபோக்காளரும் ஆடிவரும் ஒருவகைப் போர்விளையாட்டை, அதாவது கடல்வழியே வந்து ஒரு தீவின் கரையில் படை இறக்கும் ஆட்டத்தை, விளங்கிக்கொள்ளச் சதுரங்கத்தைவிட ஆடுபுலியே நல்ல வாயில் என்பது எம் கருத்து. அவ்வாட்டத்தைப் பிறர் நாட்டுத் தீவுகளில் தேட வேண்டியதுமில்லை. நம் குளச்சல் கரையையே களமாகக் கொண்டு, சோழியும் புளியங்கொட்டையும் வைத்து ஆடலாம் என்பதையும் பின்னர்க் கூறுவோம்.

முதலில் இவ்வகை விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பிரஷ்யப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்னும் இளம் அதிகாரி, தம் தந்தையார் தொடங்கிவைத்த ஆட்டத்தைத் திருத்தி 1824ஆம் ஆண்டில் வெளியிட்டார். உண்மை நிலப்படத்தின்மீது படைகளைக் குறிக்கும் கட்டைகளை வைத்து, பகடை உருட்டி, நடுவர் ஒருவரின் தீர்ப்புக்கு உட்பட்டு ஆடும் ஆட்டம் அது. படைப்பயிற்சிக்காகவே பல நாடுகளில் அது பரவியது. பொதுமக்களுக்கான ஆட்டங்கள் மிகப் பின்னரே வந்தன. அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் 1954ஆம் ஆண்டில் ஒரு போர்விளையாட்டை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். 1961ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம், நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியதைப் பொருளாகக் கொண்ட ஆட்டத்தை வெளியிட்டது. தேன்கூட்டு அறைகளைப் போன்ற அறுகோணக் கட்டங்களால் படத்தைப் பகுக்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. பசிபிக் தீவுப் போர்களைப் பற்றிய ஆட்டங்கள் பின்னர் அட்டையிலும் கணிப்பொறித் திரையிலும் பல வந்துள்ளன.

இவ்வாட்டங்களில் 'முறை' என்பது வெறும் ஒழுங்குக்காக ஏற்பட்டதன்று. ஒரு முறை என்றால் களத்தில் இவ்வளவு காலம் என்று பொருள். சில ஆட்டங்களில் அது கால் மணி நேரம். சிலவற்றில் ஒரு நாள். பேரளவான ஆட்டங்களில் ஒரு மாதம். அந்தக் காலத்துக்குள் ஒரு படை எவ்வளவு தூரம் நடக்கும், எத்தனை பேரைப் படகு சுமக்கும், எவ்வளவு உணவு செலவாகும் என்று கணக்கிட்டே விதிகளை அமைக்கின்றனர். ஆகவே ஆடுபவர் ஒரு முறையை வீணாக்கினால், வீரர் பலரின் ஒரு நாளை வீணாக்கினார் என்பதே பொருள்.

கடல்வழிப் படையிறக்கம் ஏன் தனி வகையாகிறது? தரைப்போரில் தோற்றவன் பின்வாங்கலாம். கரையிறங்கியவனுக்குப் பின்னால் கடல்தான் உண்டு. தரையில் முன்னேறும் படை தன் வலிமை முழுவதையும் ஒருங்கே காட்டலாம்; படகில் வருவோர் படகு கொண்ட அளவே வரலாம். நூறு பேர் இறங்கும்போது எதிரே ஐந்நூறு பேர் காத்திருப்பர். பின்னால் கப்பலில் ஆயிரம் பேர் இருந்தும் அந்த நேரத்தில் அவர்களால் பயனில்லை. கையில் பதினான்கு ஆடுகள் இருக்கக் கட்டத்தில் ஓர் ஆடு தனித்து நிற்பதும் இதுவும் ஒன்றே.

பசிபிக் பெருங்கடலில் தராவா என்னும் பவளத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பெட்டியோ, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள சிறு தீவு. 1943ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அமெரிக்கக் கடற்படை வீரர் அங்கு இறங்கினர். அன்று கடலேற்றம் எதிர்பார்த்த அளவு வரவில்லை. தீவைச் சூழ்ந்த பவளப்பாறையின்மேல் போதிய நீர் இல்லாமற்போகவே இறங்குபடகுகள் பாறைக்கு வெளியே தட்டி நின்றன. வீரர்கள் துப்பாக்கியைத் தலைக்குமேல் தூக்கியவாறு, மார்பளவு நீரில், எதிரிகளின் குண்டுமாரிக்கிடையே நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் நடந்தே கரைசேர வேண்டியதாயிற்று. அந்தச் சிறு தீவுக்காக மூன்று நாட்களில் அமெரிக்கர் ஏறத்தாழ 1,000 பேர் மாண்டனர். அதைக் காத்து நின்ற ஏறத்தாழ 4,500 பேரில் பெரும்பாலோர் உயிருடன் மிஞ்சவில்லை. ஓரடி நீர் குறைந்ததன் விலையை விதியாக எழுதினால், 'பாறையைத் தாண்டும் காய் ஒரு முறை அசையாமல் நிற்கும். அம்முறையில் எதிரி அதைச் சுடலாம்' என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த ஒரு வரியை ஆடிப்பார்த்தவர் தராவாவை எளிதில் மறக்கமாட்டார்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. 1942ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் ஜப்பானியர் அந்தமான் தீவில் இறங்கியபோது எதிர்ப்பே இல்லை. பிரிட்டிஷார் தம் காவற்படையை முன்பே விலக்கிவிட்டிருந்தனர். காவலில்லாத புள்ளி பகடை உருட்டாமலே வீழ்ந்தது. ஆட்டம் அவ்வளவில் முடிந்தாலும் அத்தீவு மக்கள் அடுத்த மூன்று ஆண்டுகள் பட்ட பாட்டைக் குறிக்க எந்த ஆட்டத்திலும் காய் இல்லை. போரை விளையாட்டாக்கலாமா என்று கேட்பவர் மனத்தில் இருப்பது இத்தகைய எண்ணமே. அக்கேள்வி நியாயமானதுதான். எனினும், போரை வெறும் வீரமுழக்கமாகக் கேட்டுப் பழகிய ஒருவர், உணவுக் கணக்கிலும் கடலேற்றக் கணக்கிலும் தம் காய்கள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டால், முழக்கத்தில் அவருக்குள்ள மயக்கம் குறையவே செய்யும். அதனால் இத்தகைய ஆட்டத்தை நாம் வெறுப்பதில்லை. கணக்கை மறைக்கும் ஆட்டத்தையே வெறுக்கிறோம்.

கணக்கை மறைத்ததற்குப் பெயர்பெற்ற சான்று ஒன்று உண்டு. மிட்வே என்னும் தீவைக் கைப்பற்றத் திட்டமிட்ட ஜப்பானியக் கடற்படைத் தலைவர்கள், 1942ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் யமாட்டோ போர்க்கப்பலில் கூடி அத்திட்டத்தை ஆட்டமாக ஆடிப்பார்த்தனர். ஆட்டத்தில் அமெரிக்க விமானங்களின் தாக்குதல் ஒன்று வந்தது. பகடையின்படி ஒன்பது குண்டுகள் பட்டு, அக்காகி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கின. ஆட்டத்தை நடத்திய தளபதி உகாக்கி, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார், அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் ஆட்டத்தின் அடுத்த பகுதியில் மீண்டும் மிதந்தது. அக்கடற்படையில் விமானத் தலைவராயிருந்த புச்சிதா போருக்குப் பின்னர்த் தம் நூலில் இதை எழுதியுள்ளார். ஜூன் மாதம் உண்மைப் போர் நடந்தது. அக்காகியும் காகாவும் வேறு இரு விமானந்தாங்கிகளும் மூழ்கின. அவற்றை மீண்டும் மிதக்கவைக்க எந்த நடுவராலும் இயலவில்லை.

நேர்மையாக ஆடிய ஆட்டத்துக்கும் சான்று காட்டலாம். 1940ஆம் ஆண்டில் ஹிட்லரின் படைகள் இங்கிலாந்துத் தீவில் இறங்கியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை, 1974ஆம் ஆண்டில் பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் படைக்கல்லூரியில் பெரிய அளவில் ஆடிப்பார்த்தனர். இருநாட்டுப் பழைய திட்டங்களும், அக்கால வானிலைக் குறிப்புகளும் ஆட்டத்துக்கு அடிப்படை. இருநாட்டு முன்னாள் தளபதிகளும் நடுவராக அமர்ந்தனர். ஜெர்மானிய விமானப்படையின் காலண்டும் கடற்படையின் ரூகேயும் அவர்களுள் இருந்தனர். முதல் அலையில் 90,000 பேர் கரையிறங்கினர். அதுவரை ஜெர்மானியருக்கு வெற்றிதான். பின்னர் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கால்வாய்க்குள் புகுந்தன. இரண்டாம் அலை வழியிலேயே சிதறியது. உணவும் குண்டும் இன்றிக் கரையில் நின்றவர்களில் 15,400 பேரே பிரான்சுக்குத் திரும்பினர்; எஞ்சியோர் மாண்டனர் அல்லது சிறைப்பட்டனர். நல்லவேளையாக எல்லாம் காகிதத்தில்.

கரையில் காலூன்றுவது பாதி வேலைகூட அன்று. காலூன்றியவனுக்கு அடுத்த படகு வருமா என்பதே கேள்வி. இந்த உண்மையை 1974ஆம் ஆண்டு ஆட்டத்துக்கு 233 ஆண்டுகள் முன்னரே நம் கரையில் ஒரு படை பட்டு அறிந்தது. அதைச் சொல்வதற்கு முன்பு பொன்முடிக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. மலைக்கும் கடற்போருக்கும் என்ன தொடர்பு என்று வியக்க வேண்டா. காற்றுத்தான் தொடர்பு.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால் பொன்முடி வரும். கல்லாற்றைக் கடந்தபின் கொண்டையூசி வளைவுகள் 22. உச்சி கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 1,100 மீட்டர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். திருவிதாங்கூர் மலைகளில் தோட்டங்கள் தோன்றிய நாள்முதல் தமிழர் அங்கு வேலைக்கு ஏறி வந்தவர்கள். பொன்முடிக்கு அண்மையிலுள்ள போனக்காட்டு லயங்களில் தமிழே வீட்டுமொழி. மேற்கே நோக்கினால் மலை சட்டென்று இறங்கி, குன்றும் தோப்புமாகத் தாழ்ந்து, கடலை நோக்கிச் செல்கிறது. திருவிதாங்கூர் நாடு எவ்வளவு ஒடுங்கிய நாடு என்பது இங்கு நின்றால் நன்கு விளங்கும். ஒருபுறம் மலை, ஒருபுறம் கடல், இடையே ஒரு நாடா போல நிலம்.

வைகாசி பாதி கடந்ததும் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குகிறது. மலையாளத்தில் இதனை இடவப்பாதி என்பர். இடவம் என்பது நம் வைகாசியே. கடலிலிருந்து வரும் அக்காற்று முதலில் மோதும் மலைத்தொடரில் பொன்முடியும் ஒன்று. அப்போது எதிரே நிற்பவர் முகம் தெரியாதபடி முகில் மூடிக்கொள்ளும். பொன்முடியில் முகில் மூடும் அதே நாட்களில் கீழே கடற்கரையில் அலை உயர்ந்து, திறந்த துறைகளில் படகு இறக்குவது உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது. குளச்சல் அத்தகைய திறந்த துறைதான்.

இனி 1741க்கு வருவோம். மிளகு வாணிகத்தைத் தம் கையில் வைத்திருந்த டச்சு நிறுவனத்தாருக்கு, சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்த மார்த்தாண்ட வர்மர் கண்ணில் விழுந்த தூசியானார். இலங்கையில் அவர்களுடைய ஆளுநராயிருந்த வான் இம்ஹாப் போர் தொடுப்பதாக அச்சுறுத்தினார், மன்னர் அஞ்சவில்லை. 1740ஆம் ஆண்டு இறுதியில் இலங்கையிலிருந்து டச்சுக் கப்பல்கள் வந்து குளச்சலைப் பீரங்கியால் தாக்கின. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேலும் படை வந்திறங்கியது. மரத்தாலான காப்பரண் ஒன்றைக் கரையில் எழுப்பிக்கொண்டு, குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களைச் சூறையாடினர். அக்காலத் தலைநகராகிய பத்மநாபபுரமே அவர்கள் குறி. மன்னர் அப்போது வடபகுதிப் போரில் இருந்தார்.

சதுரங்கக் கண்ணால் பார்த்தால் டச்சுக்காரரே வெல்ல வேண்டியவர்கள். சிறந்த பீரங்கி அவர்களுடையது, கப்பல் அவர்களுடையது, அரசரோ தலைநகரில் இல்லை. ஆடுபுலிக் கண்ணால் பார்த்தால் நிலைமை வேறு. அவர்கள் காய்களில் பெரும்பாலானவை இன்னும் கையில்தான் இருந்தன. அந்தக் கையும் கடலுக்கு அப்பால் இருந்தது. கரையில் நின்றவர் சில நூறு பேரே. இலங்கையிலிருந்து மேலும் உதவி வருவதற்குள் பருவக்காற்று கடலை மூடியது. ஜாவாவில் 1740ஆம் ஆண்டு அக்டோபரில் பத்தேவியா நகரத்துச் சீனர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பெருங்கலகம் மூண்டிருந்ததால் அங்கிருந்தும் படை அனுப்ப வழியில்லை. மன்னர் தெற்கே திரும்பினார். திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரரைக் குளச்சல் காப்பரணுக்குள் ஒடுக்கி, நிலவழியை அடைத்தது. புலி கட்டுண்டது என்று சொல்வதா, ஆடு சிக்கியது என்று சொல்வதா என்று எமக்கே ஐயம். இந்தப் போரில் இரண்டும் இடம் மாறிக்கொண்டன.

பனைமரத் துண்டுகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கிபோல் காட்டி எதிரியை மயக்கினர் என்றும், கரையோர மீனவர் துடுப்பேந்தி மன்னர் படையோடு நின்றனர் என்றும் அப்பகுதியில் வழங்கும் கதைகள் கேட்கச் சுவையானவை. முடிவை உறுதிசெய்ததோ ஒரு பீரங்கிக் குண்டு. அது காப்பரணுக்குள் வெடிமருந்தில் வீழ்ந்து தீப்பற்ற, அரிசிக் கையிருப்பும் அதனோடு எரிந்தது. ஆடி மாத வாக்கில் டச்சுக்காரர் சரணடைந்தனர். கடலில் வழியில்லை, தரையில் வழியில்லை, பானையில் அரிசியில்லை. 1753ஆம் ஆண்டில் மாவேலிக்கரையில் டச்சுக்காரர் திருவிதாங்கூரோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். குளச்சல் கரையில் வெற்றித்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது. பொன்முடியும் குளச்சலும் நெடுங்காலம் ஒரே நாட்டில் இருந்தவை. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் முதலே குளச்சல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு நம் மாநிலத்தைச் சேர்ந்தது.

நாங்கள் சிலர் பொன்முடியில் தங்கியிருந்த மழைநாட்களில், வெளியே செல்ல இயலாமல், இப்போரை ஆட்டமாக வரைந்தோம். வெளி மாநிலங்களில் இருப்போர் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தே இதை ஆடலாம்.

தாளின் கீழ்ப்புறம் கடல் என்று கொள்க. கரையோரம் வரிசையாக மூன்று புள்ளிகள்: தேங்காய்ப்பட்டணம், குளச்சல், கடியபட்டணம். அண்டையிலுள்ளவற்றைக் கோட்டால் இணைக்க வேண்டும். உள்நாட்டில் நான்கு புள்ளிகள்: இரணியல், கோட்டாறு, பத்மநாபபுரம், திருவனந்தபுரம். குளச்சலிலிருந்து இரணியலுக்கு ஒரு கோடு. இரணியலிலிருந்து பத்மநாபபுரத்துக்கும் கோட்டாற்றுக்கும் கோடுகள். கடியபட்டணத்தைக் கோட்டாற்றோடும், கோட்டாற்றைப் பத்மநாபபுரத்தோடும், பத்மநாபபுரத்தைத் திருவனந்தபுரத்தோடும், திருவனந்தபுரத்தைத் தேங்காய்ப்பட்டணத்தோடும் இணைத்துவிட்டால் களம் ஆயிற்று. தாளின் மேல்மூலையில் பொன்முடியைக் குறித்துக்கொள்க. அதற்குக் கோடு வேண்டா. காய் அங்குச் செல்லாது. அதன் பயன் பின்னர்த் தெரியும்.

டச்சுக்காரருக்கு எட்டுப் புளியங்கொட்டைகள், பதினாறு நெல்மணிகள். யாவும் தொடக்கத்தில் கப்பலில், அதாவது கையில். திருவிதாங்கூருக்குப் பன்னிரண்டு கூழாங்கற்கள். மூன்று பத்மநாபபுரத்தில் நிற்கும். எஞ்சிய ஒன்பதும் வடக்கே மன்னரோடு உள்ளன. சித்திரை முதல் முறைக்கு இரண்டாகத் திருவனந்தபுரத்தில் வந்து சேரும். ஆட்டம் மாசியில் தொடங்கி ஆடியில் முடியும். மாதத்துக்கு மூன்று முறை. டச்சுக்காரர் முதலில் ஆடுவார்.

அவர் தம் முறையில் ஒன்று செய்யலாம்: கொட்டையோ நெல்லோ எவையேனும் இரண்டைக் கரையில் இறக்கலாம், அல்லது ஒரு புள்ளியில் உள்ள கொட்டைகளை ஒரு கோட்டின் வழியே அடுத்த புள்ளிக்கு நகர்த்தலாம். இரண்டும் ஒரே முறையில் கூடாது. கொட்டையை மூன்று கரைப்புள்ளிகளில் எங்கும் இறக்கலாம்; நெல்லைக் குளச்சலில் மட்டுமே. திருவிதாங்கூரார் தம் முறையில் ஒரு புள்ளியிலுள்ள கற்களை நகர்த்துவார்.

எதிரி நிற்கும் புள்ளிக்குச் சென்றால் போர். இருவரும் தத்தம் காய்களின் எண்ணிக்கையளவு சோழிகளை உருட்ட வேண்டும். வாய் மேலாக விழுந்த சோழி யாருக்கு அதிகமோ அவர் வென்றார். தோற்றவர் ஒரு காயை எடுத்துவிட வேண்டும். சமமானால் இழப்பில்லை. எதிரி இன்னும் அங்கு நின்றால், வந்தவர் வந்த வழியே திரும்ப வேண்டும். குளச்சலில் டச்சுக்காரருக்குக் காப்பரண் உண்டாதலால் ஒரு சோழி கூடுதல். கல் நிற்கும் கரையில் கொட்டையை இறக்கத் துணிந்தால், கல்லுக்கு இரண்டு சோழிகள், இறங்கும் கொட்டைக்கு ஒன்றுதான், தராவாவை நினைவிற்கொள்க. குளச்சலைத் தாக்கும் கற்கள் மூன்றுக்குக் குறையாமல் இருந்து, உருட்டிய சோழிகள் யாவும் வாய் மேலாக விழுந்தால் வெடிமருந்து பற்றியது; அங்குள்ள நெல்லில் பாதி எரிந்துபோகும்.

உணவு விதியே ஆட்டத்தின் உயிர். ஒவ்வொரு மாத இறுதியிலும், கரையிலுள்ள இரண்டு கொட்டைக்கு ஒரு நெல்லாகக் கணக்கிட்டு எடுத்துவிட வேண்டும். குறையும் ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு கொட்டை போகும். குளச்சலிலிருந்து கோட்டுவழியே கல் குறுக்கிடாத பாதை இல்லாத கொட்டைகளுக்கு நெல் சேராது. வைகாசியின் இரண்டாம் முறை முடிந்ததும் பொன்முடியின்மேல் சிறிது பஞ்சை எடுத்துவைக்க வேண்டும். அதுதான் முகில். பஞ்சு வைத்தபின் கப்பலிலிருந்து எதுவும் இறங்காது.

பத்மநாபபுரத்தைப் பிடித்து ஆடி முடியும்வரை வைத்திருந்தால் டச்சுக்காரருக்கு வெற்றி. கரையில் ஒரு கொட்டையும் இல்லையாயின் திருவிதாங்கூருக்கு வெற்றி. இரண்டும் இல்லையேல் அரைகுறை. வாணிக நிறுவனத்தார் கணக்கு நோக்கினால் அதுவும் நட்டமே.

முதல் ஆட்டத்தில் எங்களுள் டச்சுக்காரராக அமர்ந்தவர் மாசி மாதத்துக்குள் நான்கு கொட்டைகளையும் இரண்டே நெல்லையும் இறக்கினார். மாத இறுதியில் அந்த இரண்டும் தீர்ந்தன. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. எதிரே மூன்று கற்கள்தாமே என்று, பங்குனி முதல் முறையில் ஒன்றைக் குளச்சலில் விட்டு மூன்றோடு இரணியல் சென்றார்; இரண்டாம் முறையில் பத்மநாபபுரத்தைத் தாக்கி ஒரு கல்லை எடுத்தார்; மூன்றாம் முறையில் மற்றொன்றையும் எடுத்தார். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. அப்போது பங்குனி முடிந்தது. நான்கு கொட்டைக்கு இரண்டு நெல் வேண்டும், ஒன்றும் இல்லை, இரண்டு கொட்டைகள் போயின. எஞ்சிய இரண்டையும் சித்திரையில் வந்த கற்கள் பார்த்துக்கொண்டன.

மறுமுறை அவரே நெல்லை முதலில் குவித்தார். அது நீண்ட ஆட்டம். ஆனால் அவர் புறப்பட ஆயத்தமான நேரத்தில் இரணியலில் ஐந்து கற்கள் நின்றன. விரைந்தால் பசி, தாமதித்தால் பஞ்சு. இதற்கிடையே ஒரு வழி இருக்கவே செய்கிறது என்று எங்களுள் சிலர் இன்றும் வாதிடுகின்றனர். கோட்டாற்று வழியாகச் சுற்றிச் செல்வது என்று ஒருவர் கருத்து. எமக்கு அதில் நம்பிக்கை குறைவு. ஆடுவோர் ஒரு முறை முடிந்ததும் பக்கத்தை மாற்றிக்கொண்டு ஆடுவது நல்லது. தாம் டச்சுக்காரராக அமரும்போதுதான் பிள்ளைகள் நெல்லை எண்ணத் தொடங்குகின்றனர்.

இறுதியாக ஒரு விதி, வேண்டுவோர் கொள்ளலாம். குளச்சலில் சிறைப்பட்டவர்களுள் டச்சுப் படைத்தலைவர் டி லனாயும் ஒருவர். அவர் பின்னர் மன்னரிடமே பணிபுரிந்து, திருவிதாங்கூர்ப் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி அளித்தார். உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தினார். வலிய கப்பித்தான் என்று பெயர்பெற்று 1777ஆம் ஆண்டில் மறைந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் உள்ள அவர் கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே குளச்சலில் எடுபடும் முதற் கொட்டையைத் திருவிதாங்கூரார் வெளியே போட்டுவிடாமல், அடுத்த முறை முதல் தம் கற்களோடு ஒன்றாகப் பத்மநாபபுரத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.